அவள் என்ன கேட்டாள்?

குறுந்தொகையின் 40ஆம் பாட்டு இப்போது கல்யாணப் பத்திரிகைகளில்கூட அச்சாகிறது. செம்புலப்பெயனீரார் பாடிய ஐந்து அடிகள். உன் வீட்டாருக்கும் என் வீட்டாருக்கும் எந்த உறவும் இல்லை, ஆனாலும் செம்மண்ணில் விழுந்த மழைபோல நம் நெஞ்சம் கலந்துவிட்டது என்கிறான் தலைவன். பல வருடங்கள் நானும் அதைக் காதலின் வியப்பு என்றே வகுப்பில் நடத்திவந்தேன். பாகூரிலிருந்து பஸ் பிடித்து வரும் மாணவி ஒருத்தி ஒருநாள் எழுந்து கேட்டாள்: "மேடம், இவன் எதுக்கு இதச் சொல்றான்? அவ என்ன கேட்டா?"

பாட்டில் பதில் மட்டுமே இருக்கிறது. காரணம், பின்னால் வந்தவர்கள் சேர்த்த துறைக்குறிப்பில் இருக்கிறது. முதல் கூடலுக்குப் பிறகு, இவன் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள். அவள் முகக்குறிப்பு மாறியதைக் கண்டு அவன் பேசுகிறான். அவள் வாயே திறக்கவில்லை. திறக்கவும் கூடாது. தன் வேட்கையைத் தலைவன் முன்னால் சொல்வது தலைவிக்கு இல்லை என்கிறது தொல்காப்பியக் களவியல்.

சரி, அவன்தான் என்ன சொல்லித் தேற்றுகிறான்? உறவில்லை என்பதை. அவள் பயமே அதுதானே! எங்கள் வில்லியனூர்ப் பக்கம் மாமன் மகன் கைவிட்டால் மாமன் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம். யாரென்றே தெரியாதவனை எந்த வாசலில் போய்க் கேட்பது? (உறவுக்குள் கட்டுவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அப்படி நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.) கலங்கிய தண்ணீரை என் ஆயா தேற்றாங்கொட்டை உரசித் தெளியவைப்பார். இவன் கலங்கல் நீரையே காட்டித் தேற்றுகிறான்.

இதே பயத்தைப் பெண் தன் வாயால் சொல்லும் பாட்டும் அதே தொகையில் இருக்கிறது; கபிலரின் 25ஆம் பாட்டு. அன்று அங்கே வேறு யாரும் இல்லை, ஆரல்மீன் பார்த்து நின்ற குருகு ஒன்றுதான் சாட்சி, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். எவ்வளவு தெளிவான கேள்வி! ஆனால் அதைத் தோழியிடம்தான் சொல்கிறாள். இன்றைக்கு அவனிடமே நேராகக் கேட்பவளுக்கு நச்சரிப்பவள் என்று பெயர். என் மாணவிகளே தங்களை அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அடுத்த பருவத் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினா ஒன்று வைத்தேன்: 40ஆம் பாட்டில் தலைவி கேட்டிருக்கக்கூடிய கேள்வியை எழுதுக. 'விட்டுட்டுப் போயிடுவியா?' என்றுதான் பலரும் எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: 'உங்க அம்மாகிட்ட என்னப் பத்திச் சொல்லிட்டியா?'