ஒன்றேகாலுக்கு உச்சி வெயில்

புக்கிட் ரோத்தானில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் 100 வாட் சோலார் பேனல் ஒன்று மூன்று மாதமாகச் சூரியன் போகும் பக்கமெல்லாம் முகம் திருப்பிக்கொண்டிருக்கிறது. வெளிச்சத்துக்கேற்ப மின்தடை மாறும் எல்.டி.ஆர். மூன்று, இரு மின்னழுத்தங்களை ஒப்பிடும் எல்.எம்.393 சில்லு ஒன்று, இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு 12 வோல்ட் ரிலே. இவ்வளவுதான் அதன் மூளை. கத்தரிக்கும் வெண்டைக்கும் தண்ணீர் இறைக்கும் சின்னப் பம்புக்காகச் செய்தது.

ஒரு பலகைத் துண்டை நட்டுக்குத்தலாக நிறுத்தி, கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என இரண்டு எல்.டி.ஆர்.களை ஒட்டினேன். சூரியன் நகர்ந்தால் பலகையின் நிழல் ஒன்றின்மேல் விழும். அதன் மின்தடை ஏறும். அதைச் சில்லு கண்டுகொண்டு உரிய ரிலேயை இழுக்கும்.

ரிலே இணைப்புதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பேனலைத் திருப்பும் மோட்டாரின் இரு முனைகளும் இரு ரிலேயின் பொதுக் காலுக்குப் போகின்றன. ரிலே சும்மா இருக்கையில் இரு முனையும் நெகட்டிவோடு சேர்ந்திருப்பதால் மோட்டார் பிரேக் போட்டதுபோல் நிற்கும். ஒன்று இழுத்தால் ஒரு பக்கம் சுற்றும், மற்றது இழுத்தால் எதிர்ப் பக்கம். தவறிப்போய் இரண்டும் சேர்ந்து இழுத்தாலும் எதுவும் கருகாது.

முதல் வாரம் படுத்தி எடுத்துவிட்டது. மேகம் கடக்கும்போதெல்லாம் டக், டக், டக். கூர்மையாகப் பார்க்கட்டும் என்று ரிலேக்கள் இழுக்கும் இரு எல்லைகளையும் நெருக்கி வைத்தது என் தப்பு. எல்லை வைக்கும் பிரீசெட்டைத் திருகி இடைவெளியை அகலமாக்கி, 1 மெகா ஓம் பின்னூட்டமும் கொடுத்த பிறகே அடங்கியது. பத்துப் பாகை கோணலாக நின்றாலும் நேர்க்கதிரில் நூற்றுக்கு இரண்டுகூடக் குறையாது. பிறகு எதற்கு அத்தனை கூர்மை? இன்னொரு நாள் மோட்டார் அசையவே இல்லை. பெட்டியைத் திறந்தால் ரிலே முனைகளுக்கிடையில் எறும்பு. வயர் நுழையும் துளையைச் சிலிகான் வைத்து அடைத்துவிடுங்கள்.

மலேசியாவில் எங்கள் ஊர் இருக்கும் கோல சிலாங்கூர் நிலநடுக்கோட்டுக்கு மூன்றே கால் பாகைதான் வடக்கே. டிசம்பரில்கூடச் சூரியன் உச்சியிலிருந்து 27 பாகைதான் தெற்கே சாயும். நண்பகலில் அதனால் போவது பத்தில் ஒரு பங்கு. ஆகவே கிழக்கு மேற்காகத் திரும்பும் ஒரே அச்சு நமக்குப் போதும். நம் கடிகாரத்தில் உச்சி வெயில் பன்னிரண்டுக்கு இல்லை, ஏறக்குறைய ஒன்றேகாலுக்கு. மார்ச், செப்டம்பர் வாக்கில் காலை ஒன்பதேகாலுக்குப் படுக்கையாகக் கிடக்கும் பேனலில் நேர்க்கதிரின் பாதிதான் விழும். திரும்பும் பேனலுக்கு முழுசும் கிடைக்கிறது. செடிக்குத் தண்ணீர் வேண்டிய நேரமும் அதுதான்.

வானம் மூடிவிட்டால் இந்த லாபம் இல்லை. வெளிச்சம் நாலா பக்கமும் சிதறி வரும்போது படுக்கப்போட்ட பேனலே மேல். மழை நாட்களில் நான் சுவிட்சை அணைத்துவிடுகிறேன். வீட்டு விளக்குக்கு பேட்டரி ஏற்றத்தான் என்றால், மோட்டாருக்குப் போடும் வெள்ளியில் இன்னொரு பேனல் வாங்குங்கள். காலையிலேயே பம்பு ஓடவேண்டும், கையால் ஒரு சர்க்கியூட் கட்டிப் பழகவும் வேண்டும் என்பவர்கள் தயங்காமல் இறங்கலாம். தோட்டத்துப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள். நிழல் விழுந்ததும் ரிலே இழுப்பதை அவர்கள் கண்ணால் பார்க்கவேண்டும்.

மாலையில் பேனல் மேற்கே பார்த்தபடி உறங்கிவிடும். காலையில் அதை எழுப்புவதற்காக முதுகுப் பக்கம் மூன்றாவது எல்.டி.ஆர். ஒன்று வைத்தேன். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே முழுக்கச் செம்பனை. எட்டு மணி வாக்கில் மட்டைகளுக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்ததும் முதுகுக் கண் விழித்துக்கொள்ளும். டக் என்று ஒரு சத்தம். பேனல் மெதுவாகக் கிழக்கே திரும்பும்.