அளவுகோலா, தூக்குமரமா?

ஏழு பெருந்தொகுதிகள். 1909-ஆம் ஆண்டு சென்னை அரசாங்க அச்சகத்திலிருந்து வெளிவந்தவை. எழுதியவர் எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். உடனிருந்து உதவியவர் கே. ரங்காச்சாரி. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகம் அவற்றைத் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற பெயரில் தமிழாக்கித் தந்திருக்கிறது. சாதியைப் பற்றி நான்கு வரி எழுத முனைவோரும் சரி, பழங்குடியினரைப் பற்றி ஆய்ந்து பட்டம் பெற விழைவோரும் சரி, முதலில் கை நீட்டுவது இந்த ஏழு தொகுதிகளை நோக்கித்தான். நூறாண்டு கடந்த நூலுக்கு இப்போது ஏன் மதிப்புரை என்று தோழர்கள் கேட்கலாம். இளைஞர்கள் இதனை அகராதி புரட்டுவதுபோல் புரட்டுகிறார்களே தவிர, நூலாக எடுத்துப் படிப்பதில்லை; அதனால்தான் எழுதுகிறோம். நூலாகப் படித்தாலன்றோ, எழுதியவர் எவர் பக்கம் நின்றார், எவரைக் கண்டு சிரித்தார் என்பது விளங்கும்!

சிரித்த இடத்திலிருந்தே தொடங்குவோம். முன்னுரையில் துரைமகனார் தம் அனுபவங்கள் சிலவற்றைச் சுவைபடச் சொல்கிறார். வயநாட்டுக்கு அளவுக் கருவிகளோடு போயிருக்கிறார். அவரைக் கண்டதும் பணியர் குலப் பெண்கள் ஓட்டம் பிடித்தனராம். தங்களுள் நல்ல உடற்கட்டுடையோரைப் பிடித்து, பஞ்சடைத்து, சென்னைக் காட்சிச்சாலையில் நிறுத்தப் போகிறார் என்று அஞ்சினராம். நீலகிரியில் மற்றொரு நிகழ்ச்சி. பழைய சில்லறைக் குற்றம் ஒன்றுக்காகத் தேடப்பட்ட இருளர் ஒருவர் அளவெடுக்க வந்தவர், உயரம் அளக்கும் கோலைப் பார்த்ததும் அதனருகே நிற்கவே மறுத்துவிட்டார். அது தூக்குமரம் என்று எண்ணினாராம். அறியா மக்களின் மருட்சி, படிப்போர்க்கு நகைச்சுவை என்ற அளவில் இவற்றைச் சொல்லிவிட்டு நூலாசிரியர் மேலே நடக்கிறார்.

நாம் நடக்க முடியவில்லை. அந்த இருளர் அறியாதவரா? தம் உயரத்தைக் குறித்துக்கொள்ளும் அரசாங்கம் பின்னர் தம்மை என்ன செய்யும் என்பதைக் குறித்து, அளக்க வந்த அறிஞரைவிட அவருக்கன்றோ தெளிவு இருந்தது! தர்ஸ்டன் வெறும் புத்தக மனிதரல்லர். 1885 முதல் 1908 வரை எழும்பூர் அரசினர் காட்சிச்சாலையின் கண்காணிப்பாளர். 1901-இல் தொடங்கிய இனவரைவு ஆய்வில் சென்னை மாகாணப் பொறுப்பு முழுவதும் அவரிடம். காட்சிச்சாலையில் உடலளவைக் கலையை எவர்க்குப் பாடமாக நடத்தினார் என்று கேட்டால், விடை: போலீஸ் அதிகாரிகளுக்கு. மூக்கை அளக்கும் கலையும், குற்றவாளியை அடையாளம் காணும் கலையும் ஒரே மேசையில் கற்பிக்கப்பட்டன.

அந்தக் கலை போய்ச் சேர்ந்த இடம் எது? 1871-இல் வடநாட்டில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகள். குறவர், கள்ளர் எனச் சாதி சாதியாகப் பட்டியலிட்டு, பிறந்த குழந்தையையும் பிறவிக் குற்றவாளி என்று எழுதிவைத்த சட்டம் அது. கைரேகை வை, இரவில் காவல் நிலையத்தில் படு, ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு வாங்கு என்றது. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது துப்பாக்கி பேசிற்று. 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணம் 1947-இலும், இந்திய அரசு 1952-இலும் அச்சட்டத்தை நீக்கின. நீலகிரி இருளர் கண்ட தூக்குமரம் வெறும் மருட்சியா என்பதை இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சொல்லட்டும்.

தர்ஸ்டன் சட்டம் இயற்றினார் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. அவர் மக்களிடம் கேட்டு எழுதிய வழக்கங்கள், சொற்கள், சடங்குகள் இல்லையேல் பல குடிகளின் பழைய வாழ்வைப் பற்றி நமக்கு ஒன்றுமே எஞ்சியிராது. அதை மறுப்பது நன்றியன்று. ஆனால் அவர் அறிவியல் என்று முன்வைத்த மூக்களவு இருக்கிறதே, அதை என்னவென்பது! மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டு மனிதரை மேல் கீழென அடுக்கலாம் என்பது ரிஸ்லி என்ற அதிகாரியின் கோட்பாடு. தர்ஸ்டன் அதனைத் தெற்கே கொண்டுவந்தார். இதே அளவுகளை எடுத்து டாக்டர் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட 'தீண்டப்படாதார்' நூலில் திருப்பி அடித்தார்: இந்த எண்களை நம்பினால் பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனத்தவர் என்றுதான் ஆகும்; ஆகவே தீண்டாமைக்கு இனவேறுபாடு காரணமன்று. எதிரியின் கோலை வாங்கி எதிரியையே அளந்த திறம் அது.

நமக்கு நேராக உறைக்க வேண்டிய செய்தி ஒன்றும் இந்நூலில் உண்டு. காட்டுக் குடிகளைத் தர்ஸ்டன் 'திராவிடர்க்கு முந்தையோர்' என்கிறார். திராவிடர் என்ற சொல்லைக் கேட்டதும் தோள் விம்முகிற தோழர்களுக்கு ஒரு வினா. நமக்கும் முந்தையோர் என்று ஒரு மக்களை ஏடு சொல்லுமானால், அவர்களிடம் நாம் எப்படி நடந்துகொண்டோம்? ஆரியர் வந்தார், அடக்கினார் என்று மேடையில் முழங்குவது எளிது. இருளர் குடிசைக்குப் பட்டா தர மறுப்பவரும், அவர் பிள்ளையைப் பள்ளியில் ஒதுக்கி உட்கார வைப்பவரும் கைபர் கணவாய் வழியே வந்தவர்களா? 'முந்தையோர்' என்ற வகைப்பாட்டை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை என்பது வேறு. அதனால் அந்த வினா தள்ளுபடியாகிவிடாது.

மாதவரத்தில் வாழ்ந்துகொண்டு கல்லூரியில் பயிலும் நாம் பாடத்தில் படிப்பவை பல. 1838-இல் செரோக்கி மக்களை நிலத்திலிருந்து பெயர்த்து நடத்தியே கொன்ற கண்ணீர்த் தடம். பழங்குடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பறித்ததற்காக 2008 பிப்ரவரி 13-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் கேட்ட மன்னிப்பு. உறைவிடப் பள்ளிகளின் கொடுமையைப் பண்பாட்டு இனக்கொலை என்றே பெயரிட்டழைத்த கனடாவின் 2015-ஆம் ஆண்டு அறிக்கை. படிக்கும் மாணவர் கண் கலங்குகிறது, கலங்கத்தான் வேண்டும். கடல் கடந்த துயரைப் படிப்பது வீண் என்போர் கட்சி நமக்கில்லை. ஆனால் பால்பண்ணையைத் தாண்டி வடக்கே பெருஞ்சாலையில் சென்றால் செங்குன்றம். சென்னைக்குச் சோறளிக்கும் அரிசி ஆலைகள் நிறைந்த ஊர். நெல்லை ஊறவைத்து, விடியுமுன் எழுந்து அவித்து, களத்தில் பரப்பி, காலால் கிளறிக் கிளறிக் காயவைத்து, மேகம் கறுத்தால் ஓடி ஓடிக் குவித்து, அந்தக் களத்து ஓரத்திலேயே குழந்தையைக் கிடத்தி வாழ்ந்த இருளர் குடும்பங்கள் எத்தனை! திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய முன்பணம் சில ஆயிரம். அதைக் கழிக்க ஆண்டுகள் பல. முன்பணம் கழியுமட்டும் ஆலையின் வாயிற்கதவுக்கு வெளியே போக உரிமையில்லை. கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் வந்தது 1976-இல். அதன் பின்னும் பல்லாண்டுகள் கழித்து, வருவாய்த்துறை அதிகாரிகள் அவ்வாலைகளுக்குள் புகுந்து மக்களை மீட்டு விடுதலைச் சான்று தந்தனர். சான்று தரப்பட்டவர் உண்டென்றால் அடிமைகள் இருந்தனர் என்பதுதானே பொருள்! செரோக்கி மக்களுக்காகத் தேர்வுத்தாளில் பத்து மதிப்பெண் உருக்கம் காட்டுகிற மாணவர், அன்று காலை உண்ட இட்டலியின் அரிசி எந்தக் களத்தில் காய்ந்தது என்று கேட்பதில்லை. பாடநூலும் கேட்கச் சொல்வதில்லை.

தர்ஸ்டனின் குறை இங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. இரண்டாம் தொகுதியில் இருளரைப் பற்றி எழுதும்போது 'இருள்' என்னும் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்கிறார். மணமுறை, இறுதிச் சடங்கு எனச் செல்கிறார். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டுக் கிழங்கையும் தேனையும் அரசின் உடைமையாக்கியதும், அதனால் காட்டு மக்கள் பிறர் வயலுக்கும் களத்துக்கும் கூலியாக இறங்கியதும் இத்தகைய நூல்களில் அரிதாகவே தலைகாட்டும். வழக்கம் இருக்கிறது, வழக்கு இல்லை. மக்கள் இருக்கிறார்கள், அவர்களை இந்நிலைக்கு ஆளாக்கியவர் எவரும் இல்லை!

இக்குறையை நிறைத்த தமிழ் நூலாக நாம் கருதுவது ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'. 2004-இல் வெளிவந்த புதினம். எழுதியவர் வழக்கறிஞர், மனித உரிமைப் பணியில் ஈடுபட்டவர். சத்தியமங்கலம் மலையில் வாழும் சோளகரின் பாட்டும் இசையும் வேட்டையும் முதற்பாதி. நிலம் கைமாறுவதும், வீரப்பனைத் தேடவந்த அதிரடிப்படையின் முகாமும் அங்கே நடந்த வதையும் பிற்பாதி. சடங்கும் சித்திரவதையும் ஒரே மக்களின் ஒரே வாழ்வில் நிகழ்பவை என்று காட்டுவதால் இது தர்ஸ்டனுக்குச் சரியான மறுமொழி. குறையும் சொல்வோம். முதற்பாதியில் பேசிச் சிரித்துச் சினந்து வாழ்ந்த மாந்தர், பிற்பாதியில் அடி தாங்கும் உடல்களாகச் சுருங்கிவிடுகின்றனர். சில இடங்களில் புதினம் வாக்குமூலமாகிவிடுகிறது. ஆனால் வாக்குமூலம் வாங்குவாரே இல்லாத நாட்டில் இதைப் பெருங்குறை என்று எண்ண நமக்கு மனம் வரவில்லை. கற்பனை என்று தள்ளவும் இயலாது. தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்து விசாரித்து, 2007-இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்கச் சொல்லிற்று.

'ஜெய் பீம்' படத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். 2021-இல் வந்த அப்படத்தில், சிறை வாயிலில் சாதி கேட்டு ஆட்களைப் பிரிக்கும் தொடக்கக் காட்சி ஒன்றே போதும், அதைப் பாராட்ட. ஆயினும் 1993-இல் காவலில் கொல்லப்பட்ட ராசாக்கண்ணு குறவர் வகுப்பினர். படம் அவரை இருளராக்கிற்று. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதே ஆகலாம். ஆனால் குற்றப் பரம்பரை என்று நெற்றியில் குறியிடப்பட்ட ஒரு மக்களின் பெயர், அவர்கள் துயரைச் சொல்லும் படத்திலும் விடுபட்டுப்போயிற்று. வழக்கை விடாப்பிடியாக நடத்திய மனைவியைவிட வழக்கறிஞர்மீதே வெளிச்சம் மிகுதியாக விழுவது திரைப்படக்கலையின் பழைய நோய்.

வாச்சாத்தி இன்னும் தக்க இலக்கியத்துக்குக் காத்திருக்கிறது. 1992 ஜூன் 20-ஆம் நாள் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அம்மலையாளிப் பழங்குடி ஊரைச் சூறையாடினர். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். 269 பேர்மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக, எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-இல் அதே செப்டம்பர் 29-இல் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. 31 ஆண்டுகள்! அந்த முப்பத்தோராண்டுகளைக் கலைந்து போகாமல், விலை போகாமல் கழித்த அப்பெண்களின் மனத்திண்மை ஒரு பெருங்காப்பியத்துக்குரிய பொருள். நம் கவிஞர் பெருமக்களோ நிலவை இன்னும் விட்டபாடில்லை.

மீண்டும் அளவுகோலுக்கு வருவோம். ஏனெனில் அது காட்சிச்சாலையில் தூங்கவில்லை. பழங்குடி என்று சான்று கேட்பவரின் தெய்வம் எது, மணச்சடங்கு எது, பிணச்சடங்கு எது என்று ஆராய்ந்து இனத்தன்மை ஒத்துப்போகிறதா எனப் பார்க்கும் முறையை 1994-ஆம் ஆண்டு மாதுரி பாட்டீல் வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்தது. பொய்ச்சான்று வாங்குவோரைத் தடுக்க எழுந்த முறை, நோக்கம் தவறன்று. விளைவைப் பாருங்கள். தர்ஸ்டன் காலத்து ஏடுகளில் உள்ளபடி வாழ்ந்தால்தான் பழங்குடி. நகரின் ஓரத்தில் குடியேறி, சட்டை அணிந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் ஐயத்துக்குரியவர் என்றாகிறது. 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றமே, இந்த ஒப்புமைச் சோதனை முடிவான உரைகல் ஆகாது, மக்கள் இடம்பெயர்ந்து மாறியிருப்பர் என்று கூறிவிட்டது. தீர்ப்பு தில்லியில் இருக்கிறது. கோட்டாட்சியர் அலுவலகத்து நீண்ட விசிப்பலகையில் இருளர் பெண் இன்னும் காத்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் மிக நலிந்த பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்டவை ஆறு. இருளர் அவற்றுள் ஒன்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் 1 லட்சத்து 89 ஆயிரத்துக்கு மேல். 1978 முதல் வடநெம்மேலிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பின் நஞ்செடுத்து, பாம்புக்கடி மருந்துக்கு நாட்டுக்கே மூலப்பொருள் தருவோர் அவர்களே. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இருளரின் அறிவைக் குடியரசுத் தலைவர் மாளிகை ஒப்புக்கொள்கிறது. இருளர் இருளர்தாம் என்பதை ஒப்புக்கொள்ள வருவாய்த்துறைக்கு விசாரணைமேல் விசாரணை தேவைப்படுகிறது!

தர்ஸ்டனைப் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முன்னுரையிலிருந்து படியுங்கள், சோளகர் தொட்டியையும் அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள். படித்த பின் நேரம் இருப்பின், செங்குன்றத்துக்கும் பொன்னேரிக்கும் இடையிலுள்ள இருளர் குடியிருப்புகளில் சான்றுக்கும் பட்டாவுக்கும் மனு எழுத ஆள் தேவைப்படுகிறது. மனுவோடு 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நகலையும் இணைக்க வேண்டும். அதைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கும் வேலையை மாதவரத்து மாணவர்களாகிய நாம் மேற்கொண்டிருக்கிறோம்.