பெயரற்ற செம்பும் பெயருள்ள கட்டிடமும்: வடிவமைப்பு வரலாற்றெழுதியலில் விடுபட்டோர்

திறவுச்சொற்கள்: வடிவமைப்பு வரலாறு, கோல்கொண்டா, தட்டார், கன்னார், புதுச்சேரி

முன்னுரை

புதுச்சேரி நகரின் தட்டாஞ்சாவடி இன்று தொழிற்பேட்டையால் அறியப்படுகிறது. பொன்வேலை செய்யும் தட்டாரை நினைவூட்டும் சொல் அவ்வூர்ப்பெயரில் உள்ளது. தொழில் பெயராக நிலைத்தது. தொழிலாளர் பெயர் நிலைக்கவில்லை. இந்நிலை வடிவமைப்பு வரலாற்றெழுதியலுக்கும் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

கோல்கொண்டா

அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் நிறைவுற்றது. இந்திய நவீனக் கட்டிடக்கலையின் முன்னோடியாகக் கருதப்படும் இதன் சிற்பிகளாக அன்டோனின் ரேமண்ட், ஜார்ஜ் நாகஷிமா, பிரான்டிஷெக் சாமர் ஆகியோர் குறிக்கப்படுகின்றனர். அன்டோனினின் மனைவி நொயெமி ரேமண்ட் துணி, அறைகலன், உள்வெளி வடிவமைப்பில் அவருடன் இணைந்து பணியாற்றியவர். எனினும் பல வரலாறுகளில் கணவரின் நிழலிலேயே நிற்கிறார்.

அடியார்கள் அளித்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கியே இக்கட்டிடத்தின் கைப்பிடி, கீல் முதலியன வார்க்கப்பட்டன. பாத்திரங்களை வடித்த கன்னார் யார்? வரலாறு அவ்வினாவை எழுப்பவில்லை. பெயரற்றோர் ஆக்கிய வடிவம் உருகிப் பெயருள்ளோர் ஆக்கத்தின் உறுப்பாயிற்று.

பெயரின்மை என்னும் புகழ்ச்சி

நிக்கோலஸ் பெவ்ஸ்னரின் 1936ஆம் ஆண்டு நூல், வில்லியம் மோரிஸ் தொடங்கி வால்டர் குரோப்பியஸ் வரையிலான தனிமனிதர் வரிசையாக நவீன வடிவமைப்பை அமைத்தது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையரின் 1958ஆம் ஆண்டு இந்திய அறிக்கையோ செம்பைப் போற்றி, அது ஒருவர் படைப்பன்று, பல தலைமுறைகளின் விளைவு என்றது. 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அவ்வறிக்கை வழிவகுத்தது. அதன் பார்வை பெவ்ஸ்னரினும் விரிந்தது, ஆயினும் குறையுடையது. கைவினையை மரபின் விளைவாக மட்டும் காணும்போது, அளவைக் கணித்தவர், கழுத்தின் வளைவைத் தீர்மானித்தவர் ஆகியோரின் அறிவு மறைகிறது. ஐரோப்பியருக்குப் பெயர், இந்தியருக்கு மரபு என்னும் பாகுபாடு நீடிக்கிறது. சாதியால் தொழிலை வரையறுத்த நம் சமூகமும் இம்மறைப்பில் பங்குடையது: ‘கம்மாளர்’ என்னும் குலப்பெயர் போதுமெனக் கருதப்பட்டது.

மாற்றுச்சான்று

பெயரின்மை கைவினையின் இயல்பன்று என்பதற்கு நாகஷிமாவின் வாழ்வே சான்று. ஜப்பானிய வழித்தோன்றல் என்பதால் 1942இல் அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்துடன் மினிடோகா முகாமில் அடைத்தது. அங்கு ஜென்டாரோ ஹிகோகாவா என்னும் தச்சரிடம் அவர் மரவேலை நுட்பம் பயின்றார். ஹிகோகாவாவும் மரபுவழிக் கைவினைஞரே. மாணவர் சொன்னமையால் ஆசிரியர் பெயர் வரலாற்றில் நின்றது.

முடிவுரை

எனவே பெயரின்மை என்பது பதிவுமுறையின் விளைவு. விடுபட்டோரை ‘மரபு’ என்னும் ஒற்றைச் சொல்லால் போற்றுவது விடுபாட்டை நீக்காது. கூலிப் பதிவேடு, பட்டறைக் கணக்கு, குடும்ப நினைவு, கருவிகளின் தேய்மானம் ஆகியவற்றை வடிவமைப்பு வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும். புதுச்சேரியின் பட்டறைகளில் முதியோர் வாழும் காலத்திலேயே அப்பணி தொடங்கப்படுதல் இன்றியமையாதது.