கூட்டாஞ்சோறு: ஒரே பானையில் ஒரு விருந்து

பாளையங்கோட்டையில் கல்லூரிகளும் அதிகம், விடுதிகளும் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டாளிகளோடு வீட்டுக்கு வந்து இறங்கும் பிள்ளைகளும் அதிகம். "ம்மா, நாலு பேரு வாரோம்" என்று போனில் சொல்லிவிட்டு ஏழு பேராக வருவார்கள். இருபது வயதுப் பசி. அதிலும் விடுதிச் சாப்பாட்டில் நாக்கு மரத்துப்போன பசி. அதை அமர்த்த நெல்லைச் சீமையின் கூட்டாஞ்சோற்றுக்கு ஈடாக இன்னொன்று இல்லை என்பது என் கட்சி.

எட்டுப் பேருக்கு ஒரு கிலோ அரிசி, முந்நூறு கிராம் துவரம்பருப்பு போதும். ரேஷன் அரிசி 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பும் ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய்தான். குழைய வேண்டிய சோறு என்பதால் ரேஷன் பச்சரிசியே எடுப்பாக அமையும். அரை மணி நேரம் ஊறவைத்தால் சரி. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் நிறைய உண்டு. இரண்டும் ஒரே பானையில் வேகும்போது சோறு வயிற்றில் நின்று பேசும். மாலை வரை பசி எடுக்காது.

காய்களைத் தேர்வதில்தான் கைகாரர்களை அடையாளம் காணலாம். கரைந்து சோற்றோடு சேர கத்தரிக்காய், உருக்குலையாமல் நிற்க முருங்கைக்காயும் சீனியவரையும், வயிற்றை நிரப்ப வாழைக்காய், புளிப்புக்கு மாங்காய். இந்த நாலு வேலைக்கும் ஆள் இருந்தால், கூடையில் மிஞ்சிக் கிடக்கும் கேரட், உருளைக்கிழங்கு எதையும் கூடச் சேர்க்கலாம். பாகற்காய் வேண்டாம், கசப்பு பானை முழுவதும் இறங்கிவிடும். பீட்ரூட்டும் வேண்டாம், எல்லாவற்றையும் தன் நிறமாக்கிவிடும். முருங்கைக்காயை மட்டும் தாராளமாகப் போடுங்கள். அவசர அவசரமாக அள்ளிப் போடும் பிள்ளைகளை நிதானமாகச் சாப்பிட வைப்பது அதுதான். சப்பிச் சாப்பிட நேரம் ஆகும். அதற்குள் பேச்சும் வளரும்.

எதை எப்போது போடுவது என்பதில்தான் இந்தச் சமையலின் நுட்பம் முழுவதும் இருக்கிறது. அடி கனமான பெரிய பாத்திரத்தில் பருப்பை மஞ்சள்தூளோடு முக்கால் பதம் வேகவிட்டு அரிசியைப் போட வேண்டும். அரிசி பாதி வெந்ததும் வாழைக்காய், சீனியவரை, முருங்கைக்காய். சற்றுப் பொறுத்துக் கத்தரிக்காய். இவையெல்லாம் மெத்தென்று ஆன பிறகே மாங்காயும் புளிக்கரைசலும் உப்பும். புளியை முந்திக்கொண்டு ஊற்றினால் பருப்பும் காயும் விறைத்துக்கொள்ளும்; எவ்வளவு நேரம் எரித்தாலும் குழையாது. புளிப்புக்கு அந்தக் குணம் உண்டு.

அடுத்தது அரைப்பு. தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், மிளகாய் வற்றல், இரண்டு பல் பூண்டு. இவ்வளவுதான். பட்டை, கிராம்பு எதற்கும் இங்கே இடமில்லை. கர்நாடகத்து பிசிபேளாபாத் வறுத்துப் பொடித்த மசாலாவின் மணத்தால் மேலெழுவது. கூட்டாஞ்சோறு பச்சை அரைப்பின் மணத்தில் வாழ்வது. அதனால் அரைப்பைச் சேர்த்தபின் ஒரு கொதிதான் கணக்கு. அந்தக் கொதியிலேயே ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைத் தூவி இறக்கிவிட வேண்டும். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, கறிவடகம் தாளித்துக் கொட்டும்போது எழும் வாசனைக்கு, திண்ணையில் அரட்டை அடிக்கிற அத்தனை பேரும் எழுந்து உள்ளே வருவார்கள். வடகம் இல்லாத கூட்டாஞ்சோற்றை நான் கூட்டாஞ்சோறாகவே சேர்ப்பதில்லை.

இறக்கும்போது சோறு கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். ஆற ஆற இறுகும். இறக்கும்போதே கெட்டியாக இருந்தால் பந்தியில் அள்ள வராது. இந்தத் தளர்வில் இன்னொரு வசதியும் இருக்கிறது. சொன்னதற்கு மேல் மூன்று பேர் வந்தால், தனியாக வடித்த சோற்றைக் கொஞ்சம் கிளறிச் சேர்த்து, கொதிக்கும் வெந்நீர் ஒரு செம்பு ஊற்றி, உப்பைச் சரிபார்த்தால் பானை அவர்களையும் ஏற்றுக்கொள்ளும். பச்சைத்தண்ணீர் மட்டும் ஊற்றக் கூடாது. ருசி சப்பென்று போய்விடும். தொட்டுக்கொள்ள அப்பளம், பொரித்த கூழ் வற்றல், மோர் மிளகாய் போதும். பொரியல், குழம்பு, ரசம் என்று அடுப்படியில் நாலு பாத்திரம் ஏற்ற வேண்டியதில்லை. அதனால் சமைத்தவரும் பிள்ளைகளோடு இலையில் உட்காரலாம். மற்ற விருந்துகளில் இது அபூர்வம்.

செலவு குறைந்த சாப்பாடு என்றாலே ஏதோ சமாளிப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை இதைப் பதம் தவறாமல் சமைத்துப் பார்க்கட்டும். வெளியூர்க் கல்லூரிக்குப் போகும் உங்கள் பிள்ளைக்கு, மகனோ மகளோ, பெட்டி கட்டுவதற்கு முன் இந்தச் சமையலைக் கற்றுக்கொடுங்கள். நாளை அவர்கள் அறை எடுத்துத் தங்கும் ஊரில், பசியோடு கதவைத் தட்டும் நண்பர்களுக்கு வயிறாரப் போட அவர்களுக்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும்.