அம்மாவை வரச் சொல்லுங்க

பேரனைக் கூட்டிப்போக வரும் தாத்தாவிடமும், வேலைக்குப் போகிற வழியில் பிள்ளையை இறக்கிவிடும் அப்பாவிடமும் பால்வாடி டீச்சர் சொல்வது ஒன்றுதான்: ‘அம்மாவை வரச் சொல்லுங்க.’ எடை குறைந்திருக்கிறது, பேச்சு தெளியவில்லை, பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கிறான். எதுவானாலும் கேட்டுக்கொள்ள வேண்டியவள் அம்மா. காளவாசலைச் சுற்றி அரசரடி, பெத்தானியாபுரம், பொன்மேனி என எங்கும் இதே கதைதான். கட்டணம் வாங்கும் மழலையர் பள்ளிகளும் விலக்கல்ல. அங்கே இது வாட்ஸ்அப்பில் வருகிறது.

இந்த வாக்கியத்தின் வரலாற்றில் மதுரைக்கும் பங்குண்டு. 1980இல் உலக வங்கி உதவியோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் நடந்தது மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் சத்துணவு, தாய்க்கு அறிவுரை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அட்டையில் ஏறும் கோட்டைப் பார்த்துப் பிள்ளையின் நிலையை அறியலாம் என்பது நல்ல யோசனை. அதனால் பிழைத்துத் தேறிய பிள்ளைகள் உண்டு. ஆனால் ‘தாய்க்குத் தெரியவில்லை, சொன்னால் சரியாகிவிடும்’ என்ற எண்ணமும் அந்த அட்டையோடு சேர்ந்தே வீட்டுக்குள் வந்தது.

இன்றைய தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் வளர்ச்சிக் கோடு பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இறங்கும்போது, பிள்ளையைவிட அவளைப் பெற்றவளுக்கே மதிப்பெண் குறைந்ததுபோல் ஆகிறது. விடிவதற்கு முன் வீட்டு வேலைக்குக் கிளம்புகிறவள், ஜவுளிக்கடையில் இரவுவரை நிற்கிறவள், குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பவள் என்று யாரையும் அந்தக் கோடு காட்டாது. கணவன் சம்பளத்தில் எவ்வளவு வீடு வந்து சேர்ந்தது என்பதையும் காட்டாது. நாலு பேர் முன்னால் ‘ஒழுங்கா சாப்பாடு குடுக்கிறதில்லையா?’ என்று கேட்கப்பட்டவள் அடுத்த மாதம் எடை போடும் நாளில் வராமல் இருந்தால், அதை அக்கறையின்மை என்று எழுதிவிடுவது எளிது.

இதற்காக டீச்சரைக் குற்றவாளியாக்கினால் நாமும் அதே தவறைத்தான் செய்கிறோம். ஒன்றிய அரசின் கணக்கில் அவர் மதிப்பூதியம் பெறும் தொண்டர். தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம். அங்கன்வாடிப் பெண்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 வரை ஆனது. 2021இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் எடை, உயரம், வருகை எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும்; சத்துமாவு வாங்குபவரின் முகத்தையும் பதிய வேண்டும். பிள்ளையின் எடை டெல்லிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தெருமுனையில் இருக்கும் தாயோடு உட்கார்ந்து பேசத்தான் நேரமில்லை. குறைந்த கூலிப் பெண் ஒருத்தியை இன்னொரு குறைந்த கூலிப் பெண்ணுக்குக் கண்காணிப்பாளராக்கிவிட்டு, அரசும் ஆண்களும் ஒதுங்கி நிற்கிறார்கள்.

இழப்பு இருவருக்கும்தான். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தில் பிள்ளை என்னென்ன செய்கிறது என்று குறித்துவைக்க மதிப்பீட்டு அட்டை உண்டு. ஒற்றைக் காலில் நிற்பது, கேட்ட கதையைத் திருப்பிச் சொல்வது, நிறம் பிரித்து அடுக்குவது எல்லாம் படிப்புதான் என்று புரியும்படி சொல்லக்கூடியவர் டீச்சர்தான். அந்தப் பேச்சு நடக்காத வீட்டில் ‘ஏபிசிடி எழுதுறானா?’ என்பது மட்டுமே கேள்வியாக மிஞ்சுகிறது. பிறகு கடன் வாங்கியாவது பிள்ளையைக் கட்டணப் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். நகை அடகுக்குப் போவதும் பெரும்பாலும் அம்மாவுடையதே.

மாற்றத்தை வாசலிலிருந்தே தொடங்கலாம். பிள்ளையை விட வந்தவர் அப்பாவானால் அவரிடமே சொல்ல வேண்டும்; அட்டையை அவர் கையில் கொடுத்துக் கோட்டைக் காட்ட வேண்டும். தாயிடம் பேசும்போது பிள்ளைக்கு என்ன வருகிறது என்பதை முதலில் சொல்லலாம். குறையைத் தனியாகச் சொல்லலாம். அறிவுரைக்கு முன், ‘வேலை முடிஞ்சு எத்தனை மணிக்கு வர்றீங்க? அதுவரைக்கும் பிள்ளைக்குச் சோறு போடுறது யாரு?’ என்று கேட்கலாம். அதற்கான நேரத்தைச் சம்பளம் தரப்படும் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும் என்ற கோரிக்கை டீச்சர்களுடையது மட்டுமல்ல. அந்த வாசலில் நிற்கும் அம்மாக்களும் சேர்ந்து கேட்க வேண்டியது.