பாஷாக்களின் அறமும் எழுத்தும்

ஒட்டோமான் பேரரசில் பல நூற்றாண்டுகளுக்கு அறம் என்றாலே வக்ஃபுதான். மாகாணத்தை ஆண்ட பாஷா தன் நிலத்தையோ கடைத்தெருவையோ இறைவன் பெயரில் எழுதிவைப்பார். அந்த வருமானத்தில் பள்ளிவாசலும் நீரூற்றும் ஏழைகளுக்குச் சோறிடும் கூடமும் நடக்கும். 1826-இல் வக்ஃபுகளுக்கென அரசு தனித் துறை அமைத்த பிறகு அந்தப் பணத்தின் மீது தலைநகரின் பிடி இறுகியது. 1839-இல் தொடங்கிய தன்சிமாத் சீர்திருத்தக் காலத்தில், பேனா பிடித்த ஆளுநர்கள் சிலர் அறத்துக்கு வேறு வழி கண்டார்கள். அவர்களுடைய கொடையையும் எழுத்தையும் தனித்தனியாகப் படிப்பதே இதுவரையிலான வழக்கம். இரண்டும் ஒரே நிர்வாகத்தில் விளைந்தவை என்பதே என் வாதம்.

முதலில் வைக்க வேண்டியவர் மித்ஹத் பாஷா (1822–1884). 1861-இல் நிஷ் மாகாணத்துக்கும், 1864-இல் ருசே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டான்யூப் மாகாணத்துக்கும் ஆளுநரானார். தெருவில் அலைந்த அனாதைச் சிறுவர்களுக்காக நிஷ், ருசே, சோஃபியா நகரங்களில் ‘இஸ்லாஹானே’ என்ற தொழில் இல்லங்களைத் திறந்தார். முஸ்லிம் பிள்ளைகளும் கிறித்தவப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத் தங்கித் தையல், செருப்புத் தொழில், அச்சுக்கோப்பு ஆகியவற்றைக் கற்றார்கள். பிள்ளைகளின் உழைப்பில் வந்த காசும் இல்லச் செலவுக்கு உதவியது.

விவசாயிகளுக்கும் இதே கணக்குதான். 1863-இல் பிரோட் ஊரில் அவர் தொடங்கிய கடன் நிதிக்கு மூலதனம் கருவூலத்திலிருந்து வரவில்லை. ஊரார் பொது நிலத்தைச் சேர்ந்து உழுது, விளைச்சலை விற்றுச் சேர்த்த பணம் அது. கந்துவட்டிக்காரரிடம் சிக்கியிருந்த குடியானவருக்கு மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டியில் கடன் கிடைத்தது. 1867-இல் இந்த ஏற்பாடு பேரரசு முழுவதற்கும் விரிந்தது. 1888-இல் உருவான விவசாய வங்கி இதன் வழிவந்ததே. துருக்கியில் ஸிராத் வங்கி என்று இன்றும் இயங்குகிறது.

எழுத்து இங்கேதான் நுழைகிறது. 1865-இல் ருசேயில் ‘டூனா’ இதழ் துருக்கியிலும் பல்கேரிய மொழியிலும் வெளிவந்தது. அதில் எழுதிப் பழகிய இளைஞர் ஒருவர் பாஷாவின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்: பின்னாளில் துருக்கி நாவலின் முன்னோடியான அஹமத் மித்ஹத். 1869-இல் மித்ஹத் பாஷா பாக்தாத் ஆளுநரானபோது அவரும் உடன் சென்றார். அங்கே ‘ஸெவ்ரா’ இதழை நடத்தியதோடு, தொழிற்பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பாடநூல்களும் எழுதினார். ஒரு பெரும் எழுத்தாளரின் தொடக்க நூல்கள் ஏழைப் பிள்ளைகளின் வகுப்பறைக்காக எழுதப்பட்டவை என்பதை இலக்கிய வரலாறுகள் போகிறபோக்கில் சொல்லிவிடுகின்றன.

மற்றவர்களிடம் இதே போக்கு வேறு வடிவம் எடுத்தது. அகராதி தொகுத்த அஹமத் வெஃபிக் பாஷா 1879 முதல் 1882 வரை புர்சாவை ஆண்டார். ஏழைகளுக்கு மருத்துவமனையும் ஊருக்கு நாடக அரங்கும் அமைத்தார். மோலியேரின் நாடகங்களை உள்ளூர்ப் பேச்சுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அவர் மாற்றி எழுத, ஆர்மீனிய நடிகர் ஃபசுல்யெசியானின் குழு அவற்றை மேடையேற்றியது. கவிஞர் ஸியா பாஷாவும் 1880-இல் இறக்கும்வரை ஆண்ட அதானாவில் நாடகத்தை வளர்த்தார். ஆனால் அரங்கு ஆளுநரின் ஆர்வத்தை நம்பியது. கடன் நிதி அப்படி அல்ல. நிலைத்ததற்கும் தளர்ந்ததற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதில்தான்.

இந்த அறத்துக்கு மறுபக்கமும் உண்டு. டான்யூபைக் கடந்துவந்த கிளர்ச்சிக் குழுக்களை ஒடுக்கி, பிடிபட்டவர்களைத் தூக்கிலிட்டவரும் மித்ஹத் பாஷாவே. எல்லாச் சமயப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்க்க அவர் போட்ட திட்டத்தைப் பல்கேரியர்கள் தங்கள் அடையாளத்தைக் கரைக்கும் சூழ்ச்சியாகவே பார்த்தார்கள். மாகாணம் கைநழுவாமல் காப்பதற்கும் குடிமக்களின் நலனுக்கும் இடையே அவர் கோடு கிழிக்கவில்லை.

1876 அரசியலமைப்பின் சிற்பியான அவர், 1881-இல் சுல்தான் அப்துல் அஸீஸைக் கொன்ற குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டு, அரேபியாவின் தாயிஃப் சிறையில் 1884-இல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். சிறையில் எழுதிய நினைவுக் குறிப்புகளை மகன் அலி ஹைதர் 1909-இல் வெளியிட்டார். ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது இதைத்தான். ஆனால் அது தண்டிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லும் வாக்குமூலம். கடன் நிதியின் விதிமுறைகள், மாகாண இதழ்கள், பாக்தாத் பாடநூல்கள் ஆகியவற்றையும் அருகில் வைத்துப் படித்தால்தான், அந்த ஆளுநர் செய்ததும் சொல்லாமல் விட்டதும் ஒருசேரப் புலப்படும்.