இயக்கங்களைத் தொகுக்கும் நூன்முறை

ஒரு காலத்தெழுந்த சமய, சமுதாய, இலக்கிய இயக்கங்களைப் பிற்காலத்தார் அறிதற்பொருட்டுத் தொகுத்து வைக்கும் நூல்கள் இருதொழில் உடையன. செய்தி தருதல் ஒன்று; அச்செய்திகளை நிரல்படுத்தல் மற்றொன்று. செய்தியிற் பிழை நேரின் பிறிதொரு நூல்கொண்டு திருத்திக்கோடல் எளிது. நிரலிற் பிழை நேரின் அதனைக் காண்டலே அரிது, என்னை? கற்பார் அதனைப் பொருளின் இயல்பென்றே கொள்வர் ஆகலின்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, ஜே. என். பார்க்குவார் என்னும் பாதிரியார் 1913-இல் அமெரிக்காவில் ஆற்றிய விரிவுரைகளைத் திருத்தி 1915-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, இந்தியாவின் தற்காலச் சமய இயக்கங்களைப் பற்றிய நூலாகும். ஆராய்ச்சியாளர் பலர் நெடுங்காலம் இதனையே முதற்றுணையாகக் கொண்டனர்.

இந்நூலின் நலங்களை முன்னர்க் கூறுதல் முறை. பிரம சமாஜம், ஆரிய சமாஜம் முதலிய பெரியவற்றோடு, பிறர் பெயரும் கேட்டறியாத சிறு கூட்டங்களையும் ஆசிரியர் விடாது தேடி வைத்தனர். தோற்றம், தலைவர், கொள்கை, பிரிவு என்பனவற்றை ஆண்டுகளோடு குறித்தனர். மேலும் கற்க விழைவார்க்கு நூற்பட்டியும் தந்தனர். தமிழ்நாட்டுச் சைவசித்தாந்த முயற்சிகளுக்கும் இடமளித்தனர். இவ்வுழைப்பு பாராட்டற்பாலது.

இனி, நிரலை நோக்குவாம். வன்மையாகச் சீர்திருத்தம் நாடியவை, சீர்திருத்தம் நாடினும் பழைமையைக் காக்கத் திரும்பியவை, பழஞ் சமயங்களை முற்றும் காக்க எழுந்தவை என அந்நூல் இயக்கங்களைப் படிப்படியாக வகுக்கின்றது. சைவசித்தாந்தம் மூன்றாவதன்கண் வைக்கப்பட்டது. கிறித்தவமே இவற்றின் வளர்ச்சியை நடத்தியது என்பது நூலின் முடிபு. அம்முடிபு ஈற்றில் நிறுவப்படுவதுபோலத் தோன்றினும், அதிகாரப் பகுப்பிலேயே முன்னர் வைக்கப்பட்டுவிட்டது. தொகுப்பாகத் தொடங்கியது தீர்ப்பாக முடிந்தது இவ்வாறே.

இப்பகுப்பு பொருந்துமா என்பதை இருவர் வாழ்க்கையாற் சோதித்தல் கூடும். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்பிற்கு உதவியவர். 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அடுத்த ஆண்டில் அச்சுக்கூடமும் கண்டவர். பாதிரிமார் கையாண்ட கருவிகளை அவர் எடுத்தாண்டது மெய்யே. அவ்வளவிற் பார்க்குவார் கூற்றுக்கு இடமுண்டு. ஆயினும், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆகமத்திற்கு மாறாக நடந்தவற்றை அக்கோயிலாரை நோக்கியே கண்டித்தவரும் அவரே. அது காத்தலோ, சீர்திருத்தமோ? இரண்டுமாம். அதற்கு அவர் கொண்ட அளவுகோல் ஆகமமேயன்றிப் பிறிதன்று.

வடலூர் இராமலிங்க அடிகள் (1823–1874) நிலையும் இத்தகையது. 1865-இற் சன்மார்க்க சங்கமும், 1867-இற் சத்திய தருமச்சாலையும், 1872-இற் சத்திய ஞானசபையும் அவரால் அமைந்தன. சாதி வேறுபாட்டை மறுத்த அவர் வன்மையான சீர்திருத்தக்காரர். எனினும் அவர் நெறி திருவருளினின்று எழுந்ததேயன்றி மேனாட்டினின்று வந்ததன்று. அவர் பாடல்களை அருட்பா எனல் தகாதென நாவலர் 1869-இல் மறுத்து எழுதினார். ஒரே காலத்து, ஒரே சமயத்து எழுந்த இருவரிடையே நிகழ்ந்த இப்பெரு வழக்கு, சீர்திருத்தம் காத்தல் என்னும் ஒற்றைக் கோட்டில் அடங்குவதன்று.

அகரவரிசையே இதற்குத் தீர்வு என்பாரும் உளர். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி (1910) அம்முறையிற் பெரும்பயன் தந்தது. எழுத்து நிரல் எவரையும் உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை. ஆனால் தனிப்பெயர்களை அறிதற்கு உதவும் அம்முறை, ஓரியக்கம் மற்றொன்றை எழுப்பிய தொடர்பைக் காட்டாது.

பிறர் கொள்கைகளைத் தொகுக்கும் முறைக்குச் சைவர் வேற்றிடம் செல்ல வேண்டுவதில்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில், உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதங்களை வைத்தார். அவரும் நடுநிலைத் தொகுப்பாளர் அல்லர், மறுத்தற்கென்றே வந்தவர். ஆயினும் ஒவ்வொருவர் மதத்தையும் அவரவர் கூறுமாறே முன்னர்க் கூறிப் பின்னரே மறுதலையைத் தனியே வைத்தார். கூற்று எது, மறுப்பு எது என்பதிற் கற்பார்க்கு மயக்கமில்லை. தம் கொள்கையையும் சுபக்கம் என வேறு பிரித்தார். பார்க்குவார் நூலில் இல்லாதது இவ்வரம்பே.

ஆதலின், பார்க்குவார் நூலைச் செய்திக்காகக் கொள்க. நிரலை ஆராய்ந்து கொள்க. இனித் தமிழில் இயக்கங்களைத் தொகுப்பார், ஒவ்வோர் இயக்கத்தையும் அதனார் சொல்லானே முதற்கண் பேசவிடுக. எதிர்ப்பார் சொல்லை அடுத்து வைக்க. தம் தீர்ப்பு உளதாயின் அதனைத் தீர்ப்பென்றே பெயரிட்டு ஈற்றில் வைக்க. சைவத்தைத் தொகுக்குங்கால் இது பின்னும் இன்றியமையாதது. நாவலரை வைத்து வள்ளலாரை மறைத்தலும், வள்ளலாரை வைத்து நாவலரை இகழ்தலும், பாதிரியார் செய்த பிழையையே சைவர் தம் வீட்டினுட் செய்வதாகும்.